நம்மாளு

செஞ்சியில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். முதலில் எத்தனை பேர் என்று கேட்பார்கள், பிறகு என்ன வேலை என்று கேட்பார்கள். அடுத்த கேள்விதான் முக்கியமானது, அதை மட்டும் யாரும் நேராகக் கேட்கமாட்டார்கள். "நீங்க எந்தப் பக்கம்?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "அங்க எந்தத் தெருவு?" என்பார்கள். நாம் சிரித்து மழுப்பினால் "குலதெய்வம் எது?" என்று சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வருவார்கள். அதற்கும் பதில் சரியில்லை என்றால், "அடடா, மச்சான் பையன் கேட்டிருந்தான், மறந்தே பூட்டேன் பாருங்க" என்று கதவைச் சாத்துவார்கள். கையில் காபியைக் கொடுத்துவிட்டு நாக்கூசாமல் புளுகுவார்கள். எத்தனை வீட்டில் இந்தக் காபியைக் குடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

என் பெயர் மகாலட்சுமி. இந்தப் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. திண்டிவனம் சாலையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். கணவர் அறிவுமதி ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து துணி துவைத்துக்கொண்டு போவார். ஒரே மகள் எழில், நாலாம் வகுப்பு. நாங்கள் குடியிருந்தது உரக்கடை கோதண்டராமன் வீட்டு மாடியில். முன்பக்கம் ஓடும் மரத்தூணுமான பழைய வீடு.

அந்த மாடி கிடைத்த கதை இது. "எந்தப் பக்கம்?" என்றார் கோதண்டராமன். "தளவானூர்ப் பக்கம்ங்க" என்றேன். "ஓ! அங்க நம்ம வகையறா நெறையா இருக்குதே" என்று அவரே சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்பின் மேல்தான் மூன்று வருஷமாகக் குடியிருந்தோம். பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம், குழாயில் தண்ணீர், மகளுக்கு அந்தத் தெருவில் விளையாட ஆள். வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் அம்மா மீனம்பாள், எழிலுக்கு ஆயா, அந்த வீட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தாள். பையில் வேர்க்கடலையும் முருங்கைக்கீரையுமாக வாசலில் நின்றவளைப் பார்த்து, கோதண்டராமன் மனைவி தைலம்மாள் "யாரும்மா நீ?" என்று கேட்டார். நான் மாடிப்படியில் பாதியில் நிற்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே, "டீச்சர் வூட்டு வேலைக்கு வரச் சொன்னாங்க, வந்தேங்க" என்றாள். மேலே வந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டியில் கிடந்த பாத்திரத்தை எல்லாம் கழுவ ஆரம்பித்தாள். "எதுக்கும்மா இது?" என்று அழுதேன். "சொன்னது பொய்யாவக் கூடாதுல்ல" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள்தான் ஊருக்குப் போவோம், அவள் வரமாட்டாள்.

இந்த லட்சணத்தில் நான் கல்லூரியில் என்ன பாடம் நடத்துகிறேன் தெரியுமா? வெள்ளைக்காரன் நம்மைப் பற்றி என்ன எழுதினான், எப்படிப் படம் பிடித்தான், அவன் பிடித்த படத்தையே நாம் எப்படி நம் முகம் என்று நம்பினோம் என்கிற பாடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு. பாதிப் பிள்ளைகள் தூங்குவார்கள். நானும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வருவேன்.

போன ஆடி மாதம் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். பிரான்சிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருக்கிறார்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டும், போய் வாருங்கள் என்றார். போனேன். படம் எடுக்கிறவர் பெயர் தியேரி. நரைத்த குடுமி, கழுத்தில் துண்டு. படம் யாரைப் பற்றியதோ அவள் பெயர் மிரேய். புதுச்சேரியில் கப்பலேற்றி, பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியன் தீவுக்குக் கரும்பு வெட்டக் கொண்டுபோனார்களே, அந்தக் கூட்டத்தில் போன ஒருவருடைய கொள்ளுப்பேத்தி. தீவில் பிறந்து, பாரிஸில் பேராசிரியராக இருக்கிறாள். தொலைக்காட்சியும் சினிமாவும் கறுப்பு மனிதர்களை எப்படிக் காட்டுகின்றன என்பதைப் பற்றி எழுதுகிறவள். நான் பாடத்தில் படித்ததை அவள் வாழ்க்கையில் பட்டிருக்கிறாள்.

என்னைவிட ஒரு சுற்றுக் கறுப்பு. அதே மூக்கு, அதே நெற்றி. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படியில் ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். "பாரிஸில் யார் பார்த்தாலும் 'நிஜமாகவே உன் ஊர் எது?' என்று கேட்பார்கள். தீவு என்று சொன்னால், 'அதற்கு முன்னால்?' என்பார்கள். இங்கே நேற்று ஓர் ஆட்டோக்காரர், ஓரமாப் போ என்று, என்னை இந்த ஊர்க்காரியாக நினைத்துத் தமிழில் திட்டினார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா, மகா?"

அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எந்தப் பக்கம், அங்கே எந்தத் தெரு என்கிற கேள்வி பாரிஸிலும் நடமாடுகிறது என்று தெரிந்ததில் ஒரு கேவலமான ஆறுதல்கூட வந்தது. ஆனால் என் கதையை நான் அவளிடம் சொல்லவில்லை. பழக்கம்.

தியேரி அவளைப் பட்டுச்சேலை கட்டவைத்தார். கோட்டை மேல் நிறுத்தி, கீழே இருக்கும் வயல்களைப் பார்த்து அழச் சொன்னார். "எனக்கு அழுகை வரவில்லை, பசிதான் வருகிறது" என்றாள் மிரேய். "வரும்வரை காத்திருக்கலாம்" என்றார் அவர். குரங்குகள் எங்கள் பையைப் பிரித்து பிஸ்கட்டைத் தின்று முடித்தன. கடைசியில் காற்றில் தூசி விழுந்து அவள் கண்ணைத் துடைத்தாள். தியேரி அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்து அவருக்கு ஒரு வீடு வேண்டும். மிரேயின் முன்னோரைப் பற்றிய பழைய பதிவில் செஞ்சி என்று மட்டும்தான் இருந்தது, கிராமமும் இல்லை, தெருவும் இல்லை. "பரவாயில்லை, பார்க்கிறவர்களுக்கு ஒரு வீடு வேண்டும், இந்த மாதிரி ஒரு வீட்டிலிருந்துதான் அவர் கிளம்பியிருப்பார் என்று தோன்றினால் போதும்" என்றார். ஓடு போட்ட வீடு, மரத்தூண், முற்றம். கப்பலேறிப் போனவர்களில் பெரும்பாலும் எந்தத் தெருக்காரர்கள் என்று எனக்குத் தெரியாதா? மரத்தூண் வைத்த வீட்டுக்காரன் எதற்குக் கரும்பு வெட்டக் கடல் தாண்டப் போகிறான்? வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

அன்று சாயங்காலம் படக்குழுவின் வண்டி என்னை வீட்டில் இறக்கிவிட்டது. கோதண்டராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னா டீச்சர், டிவியா?"

விஷயத்தைச் சொன்னேன். அதற்குள் தியேரி வண்டியிலிருந்து இறங்கி, கூடத்து மரத்தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான்!" என்றார். போச்சு, போயும் போயும் இந்த வீடா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளுக்குள் வீட்டுக்கு வெள்ளையடித்து, வாசலில் வாழைமரம் கட்டிவிட்டார் கோதண்டராமன். சொந்தக்காரர்கள் எல்லாம் புதுத்துணியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தைலம்மாள் மிரேயைத் தூரத்தில் பார்த்துவிட்டு என் காதில், "வெளிநாடுன்னாங்களே டீச்சர், நம்மள விடக் கறுப்பா இருக்குது!" என்றார். உள்ளே போய் வந்த கோதண்டராமன், "அடியே, ஒருவேளை நம்ம வகையறாவா இருந்தாலும் இருக்கும், பேசாத இரு" என்று அதட்டினார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் தைலம்மாள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "நல்ல மாநெறம். வெயில்ல கறுத்துப் போச்சு, பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் அன்றைக்குக் கடைசியாக வந்த சிரிப்பு.

கூடத்தில் இலை போட்டார்கள். மிரேய் நடுவில், கோதண்டராமன் வலப்பக்கம், நான் இடப்பக்கம் தண்ணீர்ச் செம்போடு. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. மிரேய் சாதத்தில் கைவைக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் பேசினாள்.

"எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருநாள் செத்துப்போனவர்களுக்கு இலை போடுவோம். எல்லா இலையிலும் எல்லாம் இருக்கும். ஓர் இலைக்கு மட்டும் உப்பே போடாமல் தனியாகச் சமைப்பார்கள். சோறு, குழம்பு, கருவாடு கூடத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுத்தான். தீவில் வேறு எந்த வீட்டிலும் இது கிடையாது. ஏன் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இங்கே யாருக்காவது தெரியுமா என்று கேள்."

தண்ணீர் ஊற்ற நீட்டிய செம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் காலனியில், ஆடி அமாவாசைக்கு, அம்மா ஓர் இலைக்கு உப்பில்லாமல் சமைப்பாள். அந்த இலை கப்பலேறினவனுக்கு. "கடல் தண்ணியிலயே போனவன். ஆயுசுக்கும் உப்பு குடிச்சிருப்பான். அவனுக்கு இன்னும் எதுக்கு உப்பு?" என்பாள். பக்கத்து ஊர்க் காலனியில்கூட இது இல்லை. எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் மட்டும்தான். சின்ன வயசில் தெரியாமல் அந்த இலையில் கைவைத்து, தூ என்று துப்பி, அடி வாங்கியிருக்கிறேன்.

மிரேய் எங்கள் தெருப் பெண். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடோ, எதிர்வீடோ. எங்கள் வீடே ஆனாலும் ஆச்சரியம் இல்லை. என்ன பேசுகிறோம் என்று யோசிக்காமலே, அவள் கேட்டதை அப்படியே தமிழில் சொன்னேன்.

கோதண்டராமன் ஒரு கணம் விழித்தார். கேமராவைப் பார்த்தார். தொடையைத் தட்டினார்.

"இருக்குதே! எங்க வகையறாவுல வழிவழியா அதானே! உப்பில்லாத எலை! அம்மா, நீ எங்க வூட்டுப் பொண்ணும்மா!"

சொந்தக்காரர்கள் "ஆமா, ஆமா" என்றார்கள். அவர்களில் ஒருவர்கூட அதை வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. தைலம்மாள் கரண்டியோடு நின்று, எப்போ நம்ம வூட்ல இப்பிடிச் செஞ்சோம் என்கிற மாதிரிப் புருஷனைப் பார்த்தார். கோதண்டராமன் எழுந்து மிரேயின் தலையில் கைவைத்தார். "சொல்லு டீச்சர், சொல்லு, எங்க ரத்தம்னு சொல்லு!"

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? எங்களைத் தெருவில் விடமாட்டான், வீட்டில் விடமாட்டான், எங்கள் செத்துப்போனவனின் இலையை மட்டும் தன் வீட்டு இலை என்பான். இதை நான் என் வாயால் மொழிபெயர்க்க வேண்டும். மாடியில் எழிலின் புத்தகப்பை இருக்கிறது. எங்கள் பாய், எங்கள் அடுப்பு, எல்லாம் இருக்கிறது. எல்லாம் இந்த ஆளின் தலைக்கு மேல்.

ஆங்கிலத்தில் சொன்னேன். குரலை உயர்த்தாமல், முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"இவர் பொய் சொல்கிறார், மிரேய். இது இவர்கள் வீட்டு வழக்கம் இல்லை. என் அம்மா செய்வது. அது கப்பலேறிப் போனவனுக்கான இலை. நீ எங்கள் தெருப் பெண். அந்தத் தெருக்காரர்களை இந்த வீட்டுக்காரர்கள் உள்ளே விடமாட்டார்கள். நான் யார் என்று தெரிந்தால் என்னையும் விடமாட்டார்கள்."

கோதண்டராமன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். "யெஸ், யெஸ். கரெக்ட்" என்றார்.

மிரேய் இலையிலிருந்து கண்ணை எடுத்தாள். என்னையே பார்த்தாள். அவள் கண்ணில் தூசி இல்லாமலே தண்ணீர் வந்தது. பிறகு கேட்டாள்: "அப்படியானால் நாம் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்?"

"இன்னா கேக்குறாங்க டீச்சர்?" என்றார் கோதண்டராமன், இன்னும் சிரித்துக்கொண்டு.

சாப்பாடு நன்றாக இருக்கிறது என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் உயிர்வாழ அதுதான் சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் அந்தக் கேள்வி என்னையும் சேர்த்துத்தானே கேட்டது? பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது.

"நாம ஏன் இங்க உக்காந்திருக்கோம்னு கேக்குறாங்க" என்றேன். "உப்பில்லாத எலை எங்க காலனியில போடுறது. இவங்க எங்க தெரு. நானும் அந்தத் தெருதான். தளவானூர்ப் பக்கம், காலனி."

தைலம்மாளின் கரண்டியிலிருந்து ரசம் சொட்டிக்கொண்டிருந்தது. கோதண்டராமனின் கை மிரேயின் தலையிலிருந்து ஒரு விரல் அளவு மேலே போய் அப்படியே நின்றது. அவர் முகம் சிவந்தது. நான் அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். அப்போது அவர் கண் கேமராவுக்குப் போனது. தியேரி மூச்சுவிடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

கை மறுபடி மிரேயின் தலையில் இறங்கியது.

"அதனால இன்னா?" என்றார் கோதண்டராமன், கேமராவைப் பார்த்து. "இந்த வூட்ல அந்த வித்தியாசம்லாம் கெடையாது. எல்லாம் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்கதான். சாப்புடும்மா, சாப்புடு." அவர் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பாவி மனுஷன், என்ன நடிப்பு!

"அற்புதம்" என்றார் தியேரி. கேமரா நின்றது.

அது நின்றதும் கோதண்டராமன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். தைலம்மாள் மிரேயின் இலையை எடுக்கவில்லை, என்னைப் பார்த்தார். நானே எடுத்தேன். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் கூடத்தில் வாளித் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

மிரேய் என் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். தியேரி வரவில்லை. நாளைக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் காட்சி இருக்கிறது, வெளிச்சமும் போய்விட்டது என்றார். உங்கள் தெருவில் வீடுகள் எப்படி இருக்கும் என்று விசாரித்தார். கான்கிரீட் வீடுகள், பச்சை பெயிண்ட், மொட்டை மாடியில் டிஷ் என்றேன். உதட்டைப் பிதுக்கினார்.

ஆட்டோவில் போனோம். அம்மா அங்கன்வாடியில் சமையல் வேலை முடித்து வந்து, வாசலில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மிரேயை மேலும் கீழும் பார்த்தாள். பட்டுச்சேலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் முதுகில் பொத்தென்று ஒன்று வைத்தாள்.

"எங்கடி பூட்டீங்க இத்தினி காலமா?"

மிரேய்க்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா உள்ளே போய் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுக்கொண்டு வந்தாள். மிரேய் என்னிடம், உப்பில்லாத இலையா என்று கேட்டாள். அதை அம்மாவிடம் சொன்னேன்.

"அது வராதவங்களுக்கு. இவதான் வந்துட்டாளே. உப்பு போட்டுச் சாப்புடச் சொல்லு."

தெருவே கூடிவிட்டது. யார் வீட்டு வாரிசு என்று பெரிய சண்டையே நடந்தது, ஆளாளுக்கு எங்க வூடு எங்க வூடு என்றார்கள். அங்கே கேமரா இல்லை. போனில்கூட எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் எடுக்கவில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது கோதண்டராமன் மாடிப்படியின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பையனுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது டீச்சர். மாடி வேணும்."

அவர் பையன் பத்தாம் வகுப்பு.

"பாப்பா பரிட்சை முடியட்டும், நான் ஒண்ணும் கொடுமைக்காரன் கெடையாது. ஆனா ஒண்ணு. நீங்க யாருன்னு நானும் எங்க சொந்தக்காரங்களும் வெளிய சொல்லமாட்டோம். நீங்களும் மூச்சுவிடக் கூடாது. டிவியில வரப்போற நேரம், இந்த வூட்டு மானம் போயிடும்."

அப்போதுதான் புரிந்தது. என்னை வைத்திருந்ததும் அவருக்கு வெளியே சொல்ல முடியாத சங்கதி, துரத்துவதும் சொல்ல முடியாத சங்கதி. இரண்டு பேரும் ஒரே கூண்டுதான். என்ன, அவருக்கு அதில் மரத்தூண் இருந்தது.

பரிட்சைவரை அந்த மாடியில் இருந்தது ஓர் இருப்பா? தண்ணீர் மோட்டாரை நாங்கள் குளிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். தைலம்மாள் என் கண்ணில் படாமல் இருக்கப் பின்வாசல் வழியாகப் போய்வந்தார். எழில் கீழே விளையாடப் போனால், தெருவில் இருந்த அவர்கள் சொந்தக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். "நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டாள். ஒன்றும் பண்ணலை என்றேன். சாயங்காலம் ஆனால் நானும் எழிலும் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கல்லூரியில் அதே பாடத்தை நடத்தினேன். ஒருநாள் பாடத்தின் நடுவில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆனால் படத்தை நம்பியிருந்தேன், மறைக்காமல் சொல்கிறேன். படம் வரட்டும், நான் சொன்னது வரட்டும், ஊர் தெரிந்துகொள்ளட்டும், அப்புறம் யாரும் என்னிடம் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. தெரிந்து வீடு கொடுக்கிறவன் கொடுக்கட்டும், மறுக்கிறவன் மறுக்கட்டும்.

மாசி மாதம் மிரேய் போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது.

"வெட்டிவிட்டார்கள், மகா. நீ சொன்னதை முழுவதும் வெட்டிவிட்டார்கள். நான் சண்டை போட்டேன். பார்க்கிறவர்களுக்கு இந்த ஜாதி விவகாரம் எல்லாம் புரியாது, விளக்க நேரம் இல்லை, குடும்பம் சேர்ந்துவிட்டது என்பதுதான் கதை என்கிறார்கள். என் வாழ்க்கை, என்னைப் பற்றிய படம், என்னாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லை. இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதப் போகிறேன்."

"எழுது. நல்லா எழுது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவள் மேல் கோபப்பட்டு என்ன பயன்? இருந்தாலும் கோபம் வந்தது. அவள் புத்தகம் வருகிறபோது நான் எங்கே குடியிருப்பேன்?

அந்தப் படத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து எவனோ தமிழ் எழுத்துப் போட்டு யூடியூபில் விட்டான். கடல் கடந்து வந்த நம்ம ரத்தம் என்று தலைப்பு. கோதண்டராமன் மிரேயின் தலையில் கைவைத்து, கண்ணில் தண்ணீரோடு "எங்க வூட்டுப் பொண்ணும்மா" என்கிறார். அடுத்து "எல்லாம் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க" என்கிறார். நடுவில் இருந்த நான் இல்லை. செம்பு பிடித்த ஒரு கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. செஞ்சியே பார்த்தது. பஜாரில் அவருக்குப் பேனர் வைத்தார்கள். உரக்கடையில் யார் வந்தாலும் போனை எடுத்துக் காட்டினார்.

பரிட்சை முடிந்தது. எழிலைக் கூட்டிக்கொண்டு மறுபடி வீடு தேடக் கிளம்பினேன். மேல்மலையனூர் ரோட்டில் நாகம்மாள் என்கிற ஒருவரின் வீட்டில் ஒரு பகுதி காலியாக இருந்தது. அன்று அமாவாசை, அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போயின. நாகம்மாள் கதவைத் திறந்ததுமே சிரித்தார்.

"கோதண்டராமன் அண்ணன் வூட்ல இருந்தவங்கதானே? அவரே சொன்னாரு. தங்கமான குடும்பம், பையன் கல்யாணத்துக்காவத்தான் காலி பண்ணச் சொன்னேன்னு. என்னா மனுசன்! வீடியோ பாத்தீங்களா?" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மிரேய் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தேங்க."

"உக்காருங்க. வூடு புடிச்சிருக்குதா? சரி, நீங்க எந்தப் பக்கம்?"

எழில் அதற்குள் காலிப் பகுதிக்குள் ஓடி அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அலுத்துவிட்டது. இந்தக் கேள்விக்கு இன்னொரு தடவை சிரித்தால் செத்துவிடுவேன் என்று தோன்றியது.

"இதுல சாப்புட உக்காந்திருக்காங்களே, அவங்க எங்க தெருங்க. எங்களுக்குச் சொந்தம்" என்றேன்.

நாகம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "ஐயோ! அப்போ நம்மாளுன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு ஒரு வாய் காபி குடுக்காமப் பேசினு இருக்கேன்!"

"இல்லீங்க. நல்லா கேட்டுக்குங்க. கோதண்டராமன் சொன்னது பொய். அவங்க அவரு சொந்தம் கெடையாது. அவங்களும் நாங்களும் காலனி."

அவர் என்னையே பார்த்தார். என் புடவையை, கையில் இருந்த கல்லூரி அடையாள அட்டையை, போனை, மறுபடி என்னை. பிறகு என் தோளில் தட்டிச் சிரித்தார்.

"காலி பண்ணச் சொல்ட்டாருன்னு கோவம். அதுக்காவ இப்பிடியா பேசுறது? வெளாட்டுக்குக்கூட அப்பிடிச் சொல்லாத கண்ணு."

"வெளாட்டு இல்லீங்க. சத்தியமா சொல்றேன். எங்கம்மா பேரு மீனம்பாள், காலனி அங்கன்வாடியில சமையல். வேணும்னா வந்து விசாரிச்சிப் பாருங்க."

"நான் எதுக்கு விசாரிக்கணும்? பிரான்சுக்காரன் விசாரிக்காமலா படம் எடுத்திருப்பான்?" என்றார் நாகம்மாள். அலமாரியில் இருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "கோவம் ஆறட்டும். காபி போட்டு எடுத்தாறேன்."

மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நம்பினார்கள். இன்று வாயைத் திறந்து என் பெயர், என் அம்மாவின் பெயர், என் தெரு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நம்பமாட்டேன் என்கிறார்கள். இனி நான் யாரிடம் போய் என்ன சொல்வது?

உள்ளறையில் இருந்து எழில் கத்தினாள். "அம்மா, இந்த ரூம்ல ஜன்னல் இருக்குது! ஆயா வந்தா இங்க படுத்துக்கட்டுமா?"

"தாராளமா வரட்டும் கண்ணு" என்று அடுப்படியில் இருந்து பதில் சொன்னார் நாகம்மாள். "நம்மாளுங்க வந்துபோற வூடுதானே இது."